யூரியாவும் படுவான்கரையும்: பசியை வென்ற கதையில எங்கட பங்கு

உயர்தரத்தில புவியியலோ பொருளியலோ படிச்ச ஆக்கள் தோமஸ் மால்தஸை மறந்திருக்க மாட்டார்கள். 1798இல் அவர் சொன்னது சின்ன விசயம்தான். சனத்தொகை பெருக்கல் விருத்தியில் ஏறும், உணவு கூட்டல் விருத்தியில்தான் ஏறும், அதனால் ஒருநாள் பசியும் நோயும் போரும் வந்து கணக்கைச் சரிபண்ணும். பாடக்குறிப்பில அதுக்கு அடுத்த வரியாக, விவசாயத் தொழில்நுட்பம் வளர்ந்ததால இந்தக் கோட்பாடு பொய்த்துப்போச்சு எண்டு இருக்கும். அதைப் பாடமாக்கி எழுதிப்போட்டு அடுத்த அலகுக்குப் போயிருப்போம்.

நாங்கள் கதைக்கப்போறது அந்த ஒரு வரியைப் பற்றி. அது உண்மையா எண்டு கேட்டால், உண்மைதான். 1950இல் உலகத்தில் 250 கோடிப் பேர் இருந்தார்கள், 2022 நவம்பரில் 800 கோடி. இடையில் பஞ்சங்கள் வந்தன. ஆனால் மால்தஸ் பயந்த மாதிரி விளைச்சல் போதாமல் உலகம் முழுக்கப் பட்டினியில் விழவில்லை. இலங்கையை எடுத்தாலும் அதே கதைதான். 1946 குடிசன மதிப்பீட்டில் 66 இலட்சம் பேர், 2012இல் 2 கோடி 3 இலட்சம் பேர். சனம் மூன்று மடங்கு. நெல்லோ 1952இல் ஏறக்குறைய 6 இலட்சம் தொன்னாக இருந்து, 2020இல் 50 இலட்சம் தொன்னைத் தாண்டியது. எட்டு மடங்குக்கு மேல. மால்தஸ் இலங்கைக்கு வந்திருந்தால் தலையைச் சொறிஞ்சிருப்பார்.

இந்த எட்டு மடங்கு எப்படி வந்தது, அது வரும்போது வாவிக்கு மேற்கே என்ன நடந்தது, ஆருக்குக் கிடைச்சது, ஆர் விலை குடுத்தது எண்டு எங்கட பாடப்புத்தகத்தில் இல்லை. அதைத்தான் இங்கே எழுதப்போறோம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல நீண்டு கிடக்கு. கடலுக்கும் வாவிக்கும் இடையில இருக்கிற மணல் துண்டு எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுற பக்கம், படுவான்கரை. சனம் நெருங்கி இருக்கிறது எழுவான்கரையில், வயல் விரிஞ்சு கிடக்கிறது படுவான்கரையில். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வச்சிருக்கிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வாவியைக் கடக்கிறது 'பாதை'யில. எங்கட பக்கத்தில் பாதை எண்டால் ரோட்டு இல்லை, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் நெல்லு மூடையையும் ஏத்திக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. மண்முனையில் 2014இல்தான் பாலம் திறந்தது. அதுவரைக்கும் படுவான்கரை நெல்லின் ஒரு பங்கு பாதையில ஏறித்தான் இந்தக் கரைக்கு வந்தது.

இன்னொரு சொல்லும் தெரிஞ்சிருக்க வேணும். தமிழ்நாட்டு வாசகருக்கு 'வேளாண்மை' எண்டால் விவசாயத் துறை. எங்களுக்கு வேளாண்மை எண்டால் நெல்லு. வேளாண்மை செய்யிறது, வேளாண்மை வெட்டுறது, வேளாண்மை சாஞ்சுபோச்சு, எல்லாம் நெல்லைப் பற்றின கதை. வேற எந்தப் பயிருக்கும் அந்த மரியாதை இல்லை.

பழைய வேளாண்மை எப்படி நடந்தது? நிலம் போடியாரிடம். வயலைப் பொறுப்பெடுத்துச் செய்யிறது முல்லைக்காரன், அவருக்குக் கீழே வயற்காரர். ஒரு வட்டைக்குள்ள எப்ப தண்ணி பாய்ச்சுறது, எப்ப வேலி கட்டுறது, ஆற்றை மாடு ஆற்றை வயலுக்குள்ள இறங்கினது எண்டு பார்க்கிறது வட்டவிதானை. இதில் வெள்ளைக்காரனும் கை வச்சிருக்கிறான். ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல், வயல் நீர்ப்பாசனத்துக்கு ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. புதுச் சட்டம் எண்டதை விட, ஊர்களில் ஏற்கனவே இருந்த வழமைகளுக்குச் சட்ட அந்தஸ்து குடுத்தது எண்டுதான் சொல்ல வேணும். பழைய குளங்களைத் திருத்துற வேலையும் அந்தக் காலத்தில்தான் கிழக்கில் சூடுபிடிச்சது. வெட்டின கதிரைச் சூடாக வச்சு, களவெட்டியில் எருமைகளை வளைச்சு மிதிக்க விட்டு, பொலி பாடி, அவணம் மரைக்கால் கணக்கில அளந்து எடுத்தார்கள்.

இந்த இடத்தில எங்கட தலைமுறைக்கு ஒரு வியாதி உண்டு. பச்சைப்பெருமாள், சீனட்டி எண்டு பழைய நெல்லின் பேரைக் கேட்டவுடனே கண் கலங்கி, அந்தக் காலம் பொற்காலம் எண்டு பதிவு போடுறது. நாங்கள் அதுக்கு உடன்பட மாட்டோம். அந்தப் பொற்காலத்தில் இலங்கை தனக்குத் தேவையான அரிசியில் பாதிக்கு மேல வெளியில இருந்து, முக்கியமாகப் பர்மாவில் இருந்து, இறக்கிச் சாப்பிட்டது. சனத்தொகை அப்ப 60 இலட்சம் அளவில்தான். பாரம்பரிய நெல் நல்ல நெல், சந்தேகம் இல்லை. ஆனால் இருந்த நிலத்தில், இருந்த முறையில், அது இருந்த சனத்துக்கே காணவில்லை.

1942இல் யப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான். அரிசிக் கப்பல் நிண்டது. அந்த வருசமே பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. எங்கட பின்னேர ரொட்டிக்கும் காலைப் பாணுக்கும் பின்னால ஒரு உலக யுத்தம் இருக்கு எண்டு சாப்பிடும்போது ஆரும் நினைக்கிறதில்லை.

யுத்தம் முடிய மற்றப் பக்கத்தில ஒரு பெரிய மாற்றம். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் செத்த நாடு இது. 1946இல் டி.டி.ரி. மருந்து அடிக்கத் தொடங்கினார்கள். ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த வருசம் 14 ஆக இறங்கியது. எல்லாம் டி.டி.ரி.யால்தானா எண்டு ஆராய்ச்சியாளர்கள் இண்டைக்கும் வாதாடுறார்கள், இலவச மருத்துவம், தாய்சேய் நிலையம், கூப்பன் அரிசி எல்லாத்துக்கும் அதில பங்கு உண்டு. எது எப்படியோ, பிள்ளைகள் சாகாமல் வளர்ந்தார்கள். சனத்தொகை வெடிச்சது எண்டு பாடப்புத்தகம் பயமுறுத்துற விசயத்தின் மறுபெயர் இதுதான்: பிறந்த பிள்ளைகள் உயிரோட இருந்தது.

வாய் கூடினது, சோறு கூடவில்லை. அது அரசியலில் எப்படி வெளிப்பட்டது எண்டு பார்க்க 1953 ஓகஸ்ட் 12 ஒண்டே போதும். டட்லி சேனநாயக்க அரசாங்கம் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏத்தியது. நாடு முழுக்க ஹர்த்தால். ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள், அமைச்சரவை துறைமுகத்தில் நிண்ட கப்பலில் கூடினது, ரெண்டு மாதத்தில் பிரதமர் பதவி விலகினார். அதுக்கு முதல் வருசம்தான் இறப்பரைக் குடுத்து அரிசியை வாங்குற ஒப்பந்தம் சீனாவோட செய்யப்பட்டிருந்தது. அதுக்குப் பிறகு வந்த எந்த அரசாங்கத்துக்கும் அரிசி எண்டால் ஒரு நடுக்கம். 1970 தேர்தலில் சந்திரனில் இருந்தாவது ரெண்டு கொத்து அரிசி கொண்டுவந்து தருவோம் எண்டு வாக்குறுதி குடுத்து வெண்டவர்கள், ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள எண்ணெய் விலையும் உலக அரிசி விலையும் ஏற, ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோறதையே கட்டுப்படுத்தி, பஸ்ஸை மறிச்சுப் பையைச் சோதிக்கிற நிலைக்கு வந்தார்கள். அந்தக் காலத்துச் சனம் மரவள்ளிக்கிழங்கை இன்னும் மறக்கவில்லை.

சோத்தைக் கூட்ட ரெண்டு வழி. ஒண்டு வயலைக் கூட்டுறது. மற்றது இருக்கிற வயலில் கூட விளைவிக்கிறது. இலங்கை முதலில் பிடிச்சது முதலாவது வழி. அது நேரா எங்கட வாசலுக்குத்தான் வந்தது.

பட்டிப்பளை ஆறு எண்டு நாங்கள் சொல்ற ஆற்றுக்கு அரசாங்கப் பேர் கல்லோயா. 1949இல் இங்கினியாகலையில் அணைக்கட்டு வேலை தொடங்கியது. அமெரிக்காவின் மொரிசன்-நுட்சன் கம்பனி கட்டியது. அதில தேங்கின குளத்துக்குப் பேர் சேனநாயக்க சமுத்திரம், சுதந்திர இலங்கையின் முதலாவது பெரிய ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டம். அப்ப அந்த நிலம் முழுக்க மட்டக்களப்பு மாவட்டம். காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, குடியேற்றக் கிராமங்கள் அமைச்சார்கள். பயிர்க் கணக்கில் பார்த்தால் அது வெற்றிதான், இண்டைக்கும் அம்பாறை நாட்டின் பெரிய நெற்களஞ்சியங்களில் ஒண்டு. ஆனால் குடியேறினவர்களில் பெரும்பான்மை வேற மாகாணங்களில் இருந்து வந்த சிங்களக் குடும்பங்கள். 1956 யூனில், தனிச் சிங்களச் சட்டம் வந்த கையோட, கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாடு கண்ட முதல் பெரிய இன வன்முறை நடந்த இடங்களில் ஒண்டு நெல் விளைவிக்கிறதுக்கு எண்டு உருவாக்கின ஒரு பள்ளத்தாக்கு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிஞ்சது.

தண்ணிக் கதையும் நேராக இல்லை. வாய்க்காலின் தலைப்பக்கம் இருக்கிறவன் வேணுமான அளவு எடுப்பான், கடைசியில இருக்கிறவனுக்கு மிஞ்சினது வந்தால் வரும். 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்காலைத் திருத்தும்போது, கொர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொஃப் என்பவரும் இலங்கை ஆராய்ச்சியாளர்களும் விவசாயிகளையே வாய்க்கால் வாரியாகச் சேர்த்துத் தண்ணியைப் பகிர வச்சார்கள். சிங்கள விவசாயிகளும் தமிழ் விவசாயிகளும் ஒரே வாய்க்காலில் முறைவச்சுத் தண்ணி விட்ட அந்த அனுபவத்தை அவர் 1992இல் புத்தகமாகவே எழுதினார். வெளியில நாடு எரிஞ்சுகொண்டிருந்த நேரம் அது. கல்லோயா எண்டாலே கலவரம் மட்டும்தான் எண்டு நினைக்கிற எங்களுக்கு இந்த அத்தியாயமும் தெரிஞ்சிருக்க வேணும்.

இனி ரெண்டாவது வழி. எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடிச்ச பகுதி இது.

பசுமைப் புரட்சி எண்டால் நோர்மன் போர்லோக், மெக்சிக்கோக் கோதுமை, பிலிப்பைன்ஸில் 1960இல் தொடங்கின சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1966இல் வந்த ஐ.ஆர்.8 நெல் எண்டுதான் எல்லாரும் தொடங்குவார்கள். இலங்கை அதுக்கு முதலே தொடங்கிட்டுது. குருநாகல் மாவட்டத்தில் பத்தலகொட எண்ட இடத்தில் 1952இல் ஒரு நெல் இனவிருத்தி நிலையம் அமைஞ்சது. அங்க ஹெக்டர் வீரரத்ன தலைமையில் கலப்பு செய்து வெளியிட்ட எச்-4 எண்ட சிவப்பு நெல் 1958இல் வயலுக்கு வந்தது. ஐ.ஆர்.8க்கு எட்டு வருசம் முந்தி. அதின் தாய் தகப்பன் ஆர் தெரியுமா? ஒண்டு இந்தோனேசியாவின் மாஸ். மற்றது முருங்கைக்காயன், எங்கட தமிழ்ப் பேருள்ள பழைய நெல். பழசு அழிஞ்சு புதுசு வந்தது எண்டு ஒரு வரியில சொல்லி முடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேணும். புதுசுக்குள்ள பழசு இருந்தது.

ஏன் புது நெல் கூட விளைஞ்சது? பழைய நெல் உயரமானது. உரம் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் சாய்ஞ்சு, வெள்ளத்தில் அழுகும். ஆகவே உரம் போட்டுப் பிரயோசனம் இல்லை. எச்-4 கொஞ்சம் உரத்தைத் தாங்கியது. 1970இல் வந்த பி.ஜி. 11-11 போன்றவை கட்டையான, தண்டு உறுதியான நெல், எவ்வளவு உரம் போட்டாலும் அந்தச் சத்து வைக்கோலுக்குப் போகாமல் மணிக்குப் போகும். பி.ஜி. எண்டால் வேற ஒண்டும் இல்லை, பத்தலகொடதான். அம்பலாந்தோட்டையில் உருவானது ஏ.ரி. எங்கட ஆக்கள் "தொண்ணூத்திநாலு ஒண்டு", "முந்நூத்தி அம்பத்திரெண்டு" எண்டு ரெலிபோன் நம்பர் மாதிரிச் சொல்றது எல்லாம் இந்த நெல்லுகள்தான்.

அடுத்தது காலம். பழைய நெல்லில பல, பகல் சுருங்குற மாதங்களில்தான் பூக்கும், அஞ்சு ஆறு மாதம் வயலில் நிக்கும். ஆகவே பெரும்போகம் ஒண்டுதான். புதுசு பகல் நீளத்தைப் பார்க்காது, மூண்டு மூண்டரை மாதத்தில் வெட்டலாம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரிக் குளங்களுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு இது ரெண்டாம் போகத்தைக் குடுத்தது. குளத்தில் இருக்கிற தண்ணி மூண்டு மாதத்துக்குக் காணும், ஆறு மாதத்துக்குக் காணாது. விஞ்ஞானம் எண்டு பெரிசாகச் சொல்றம், அடியில இருக்கிறது இப்படியான வீட்டுக் கணக்குத்தான். 1950களில் ஏக்கருக்கு 30 புசல் அளவில் இருந்த தேசிய சராசரி இப்ப 80 புசலைத் தாண்டிட்டுது.

மட்டக்களப்பு வயல்களில் கணிசமான பங்கு இன்னும் மானாவாரி எண்டதையும் சொல்ல வேணும். முன்மாரிக்கு விதைச்சுப்போட்டு வானத்தைப் பார்க்கிற ஆக்களுக்கு பத்தலகொட நெல் வந்தது, ரெண்டாம் போகம் வரவில்லை. 1978 நவம்பர் சூறாவளி மாதிரி, 2011 சனவரி வெள்ளம் மாதிரி ஒண்டு வந்தால் எந்த நெல்லாக இருந்தாலும் ஒண்டுதான்.

புது நெல் தனியாக வரவில்லை, ரெண்டு கூட்டாளிகளோட வந்தது: மருந்து, யூரியா. நெருக்கமாக, பச்சையாக, உரம் குடிச்சு நிக்கிற பயிர் பூச்சிக்குக் கல்யாணவீடு. அறக்கொட்டி 1970களில் ஆசியா முழுக்க வயல்களை எரிச்ச மாதிரி ஆக்கினது. மருந்து அடிக்க அடிக்க அறக்கொட்டியைத் தின்னுற சிலந்தியும் வண்டும்தான் முதலில் செத்தன. இந்தோனேசியாவில் இது முத்திப்போய், 1986இல் சனாதிபதி சுகார்ட்டோ 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தார். பத்தலகொட ஆக்கள் மறுகாவும் பழைய நெல்லுக்குத்தான் போனார்கள். கேரளத்துப் பட்டாம்பியின் பி.ரி.பி. 33 எண்ட நெல்லின் எதிர்ப்புச் சக்தியை எடுத்து பி.ஜி. 379-2ஐ உருவாக்கினார்கள்.

யூரியாவின் கதை இன்னும் பெரிசு. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன், ஆனால் பயிரால அதை நேராகத் தின்ன ஏலாது. 1909இல் ஜேர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்று நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். 1913இல் கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். இண்டைக்கு உலக சனத்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோறு இந்த ஒரு கண்டுபிடிப்பில் தங்கியிருக்கு எண்டு சொல்வார்கள். அதே அமோனியாதான் முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனியின் வெடிமருந்துக்கும் போனது. பயிரை வளர்க்கிற அதே நைதரசன் குண்டையும் வெடிக்க வைக்கும். இந்த இரட்டைப் பிறவிதான் எண்பது வருசம் கழிச்சுப் படுவான்கரையை வந்து அடிச்சது.

1990இல் யுத்தம் மறுகா தொடங்க, படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். அரசாங்கம் அந்தப் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பற்றரி, சீமெந்து, எரிபொருளோட யூரியாவும் தடைப் பட்டியலில் இருந்தது, குண்டு செய்யப் பயன்படும் எண்டு. வவுணதீவு, மண்முனைத் துறை, செங்கலடிக் கறுத்தப்பாலம் எண்டு ஒவ்வொரு வாசலிலும் சோதனைச் சாவடி. அனுமதி எடுக்க வேணும், அளவு மட்டு, கிடைச்சாலும் நேரத்துக்குக் கிடைக்காது. நெல்லுக்கு உரம் போடுறது விதைச்சு இத்தனையாம் நாள் எண்டு கணக்கு, ஒரு கிழமை பிந்தினால் போட்டும் வீண். உரம் குடிக்கப் பிறந்த நெல்லை உரம் இல்லாமல் விதைச்ச சனம் அது. விளைஞ்சதைக் கொண்டுவந்து விக்கிறதுக்கும் அதே சாவடிதான். 2002 போர்நிறுத்தத்தோட தடை தளர்ந்து, 2006-07இல் மறுகா இடம்பெயர்வு, வயல்கள் தரிசாகக் கிடந்தது எல்லாம் எங்கட சிறுவயதுக்கு முந்தின, ஆனால் எங்கட வீடுகளில் இன்னும் முடியாத கதைகள்.

பத்து வருசத்துக்கு மேல படுவான்கரை யூரியா இல்லாமலும் அரைகுறை யூரியாவோடும் வேளாண்மை செய்தது. அப்ப கொழும்பில் ஒருத்தரும் அதை இயற்கை விவசாயம் எண்டு பாராட்டவில்லை.

2006க்குக் கிட்டவாக அரசாங்கம் 50 கிலோ உரப் பையை 350 ரூபாய்க்குக் குடுக்கத் தொடங்கியது. யுத்தம் முடிய, படுவான்கரையும் அந்த மானியத்துக்குள்ள வந்தது. கைவிட்ட வயல் எல்லாம் திரும்ப விதைக்கப்பட, லேண்ட்மாஸ்டரும் வெட்டு மெசினும் வந்து சேர, 2010களில் இலங்கை நல்ல வருசங்களில் அரிசியில் தன்னிறைவு எண்டு சொல்லக்கூடிய இடத்துக்கு வந்தது. மலிவு உரம் எண்டால் அளவுக்கு மீறிப் போடுறதும் நடக்கும், நடந்தது. கழுவுண்டு ஓடுற உரம் கடைசியில் எங்க போகும்? ஆறும் வாய்க்காலும் வாவிக்குள்ளதான் விழுது. வாவி மீனில் சீவிக்கிற ஆக்களுக்கு நெல்லு விளைச்சல் கூடினதால ஒரு நன்மையும் இல்லை. வெள்ளம் வந்தால் வயலைக் காப்பாத்த முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லி விவசாயி கேட்பான், வேண்டாம் எண்டு மீன்பிடிகாரன் சொல்வான். ஒரே வாவி, ரெண்டு சீவியம்.

2021 மே 6. வர்த்தமானி ஒண்டோட இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதித் தடை. சனாதிபதி கோட்டாபயவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருசத்தில் படிப்படியாக இயற்கை உரத்துக்கு மாறுறது எண்டுதான் இருந்தது, நடந்தது ஒரே இரவில. சிறுநீரக நோய் எண்டார்கள், நஞ்சில்லாச் சோறு எண்டார்கள். அந்தக் கவலைகள் பொய் இல்லை. ஆனால் கையிருப்பு டொலர் கரைஞ்சுகொண்டிருந்ததும் அதே மாதங்கள்தான். எண்பதுகளில் சபுகஸ்கந்தவில் ஒரு யூரியாத் தொழிற்சாலை சில வருசம் ஓடி மூடுப்பட்ட பிறகு, யூரியா முழுக்க வெளிநாட்டு டொலரில்தான் வருது. விவசாயிகள் வீதிக்கு இறங்கினார்கள். நவம்பர் கடைசியில் தடையைத் தூக்கினார்கள், அப்ப பெரும்போகம் விதைச்சு முடியிற நேரம், கடையில் யூரியா இல்லை, இருந்த இடத்தில் விலை கேட்க ஏலாது. 2021/22 பெரும்போக விளைச்சல் முந்தின பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல குறைஞ்சது. 2022இல் இந்தியக் கடனுதவியில் 65,000 தொன் யூரியா வந்த பிறகுதான் வயல் கொஞ்சம் மூச்சு விட்டது.

நாடு முழுக்க இதை முதல் தடவையாகப் பார்த்தது. படுவான்கரைக்கு இது ரெண்டாம் தடவை. முதலாவது தடையில் காரணம் பாதுகாப்பு, ரெண்டாவதில் காரணம் ஆரோக்கியம். வயலில் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இயற்கை விவசாயத்துக்கு நாங்கள் எதிரி இல்லை. ஆனால் கணக்குத் தெரிய வேணும். ஒரு ஏக்கருக்குத் தேவையான நைதரசனைச் சேதனப் பசளையில் குடுக்க வேணும் எண்டால் தொன் கணக்கில் வேணும். அதுக்கு மாடு வேணும், மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேணும். படுவான்கரை மாடுகள் வேளாண்மைக் காலத்தில் மேயப் போற மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் என்ன நடக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். மகாவலித் திட்ட எல்லைக்குள்ள வருது எண்டு, அத்துமீறிப் பயிர்ச்செய்கை நடக்குது எண்டு, 2023 செப்டெம்பரில் இருந்து பண்ணையாளர்கள் வீதியில் இருந்து போராடினார்கள். உரத்தையும் நிப்பாட்டி, மாட்டுக்கும் இடம் குடுக்காமல், இயற்கை விவசாயம் செய் எண்டால் எதால செய்யிறது?

இன்னொரு இழப்பை ஆரும் கணக்கில எடுக்கிறதில்லை. புல்லுப் பிடுங்கினது பெண்கள். வேளாண்மை வெட்டினதிலும் பெண்கள் இருந்தார்கள். வெட்டு முடிஞ்ச வயலில் கதிர் பொறுக்கி, ஒரு போகத்துக்கு நாலைஞ்சு மூடை நெல்லு சேர்த்து வீட்டைக் கொண்டு நடத்தினதும் காணியில்லாத வீட்டுப் பெண்கள். புல்லுக்கு எண்ணெய் அடிக்க ஒரு ஆம்பிளை காணும். வெட்டு மெசின் ஒரு ஏக்கரை ஒரு மணித்தியாலம் அளவில் முடிச்சுப்போட்டுப் போகும், பின்னால பொறுக்கக் கதிரும் பெரிசாக இராது. தொன் கணக்கில் நாட்டின் விளைச்சல் கூடினது, அந்த வீட்டின் நாலு மூடை இல்லாமல் போனது. அந்த இடத்துக்கு வந்தது கிழமைக் கிழமை கட்டுற நுண்கடன். மெசினைத் தடைசெய்ய வேணும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. குனிஞ்சு வெட்டின முதுகின் நோவு எங்கட அம்மம்மாமாரைக் கேட்டால் தெரியும். ஆனால் மெசின் வந்தபோது அந்தப் பெண்களுக்கு வேற என்ன வேலை எண்டு ஒரு திட்டமும் எவரிடமும் இருக்கவில்லை.

கடைசியா விலை. உரக்கடையில் கடன், மெசினுக்குக் கடன், ஆகவே வெட்டின அண்டைக்கே ஈரத்தோட விக்க வேணும். எல்லாரும் ஒரே கிழமையில் விக்கிறதால விலை விழும். அரசாங்கம் உத்தரவாத விலை அறிவிக்கும், கொள்வனவு நிலையம் திறக்க முதலே பாதி நெல்லு லொறியில் ஏறிடும். காயவைக்கத் தளமும் வைக்கக் களஞ்சியமும் இருக்கிறவன் ரெண்டு மாதம் பொறுத்து விப்பான், மற்றவன் அப்பவே விப்பான். அந்த லொறிகளில் பல பொலன்னறுவைப் பக்கம் பெரிய ஆலைகளுக்குப் போகுது. தை மாசி தாண்டி, வீட்டுக்கு எடுத்துவச்ச நெல்லு முடிய, கொக்கட்டிச்சோலைக் கடையில் அஞ்சு கிலோ நாட்டரிசிப் பை ஒண்டு வாங்கிப் பாருங்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆலையின் முகவரி இருக்கும்.